நெஞ்சில் வந்த சிலந்தி

விவேக் நகர்,
பெங்களூர்.

அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ் மச்சானுக்கு,

மரியே வாழ்க. வேலூரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே உங்கள் தங்கை பவுலின் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் விவேக் நகர் முழுக்கப் பேச்சு. போனில் சொல்லலாமென்றால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் குளித்துவிட்டுத் துடைக்கும்போது நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் மெல்லிய கால்கள், குட்டிச் சிலந்தி போல. அமுக்கினால் மறைகிறது, விரலை எடுத்தால் திரும்பி வருகிறது. பவுலின் என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மாள் லென்ஸ் வைத்துப் பார்த்து, "சின்ன ரத்தக் குழாய் விரிஞ்சா இப்படித் தெரியும் அங்கிள். கர்ப்பத்துல வரும், ஈரல் கெட்டா வரும், ரொம்பக் குடிச்சா வரும், காரணமே இல்லாமலும் வரும். எதுக்கும் பிளட் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார். இத்தனை காரணத்தில் உங்கள் தங்கை காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. நான் கர்ப்பமில்லை என்பது அவளுக்கு நிச்சயம், ஆகவே குடிதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மச்சான், நான் குடிப்பேனா? கல்யாண விருந்தில் நீங்கள் நீட்டிய கிளாஸையே பூந்தொட்டியில் ஊற்றியவன். சொன்னால் நம்புகிறாளா! குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு மன்றாட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டாள். நாகரிகம் பார்த்துப் பெயரை மட்டும் விட்டிருக்கிறாள். "பொம்மசந்திரா ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆகி, பேக்கரி மாடியில் குடியிருக்கும் என் கணவர் குடியை விட வேண்டும்" என்று ஃபாதர் மைக்கில் வாசிக்க, கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குள் நானும் சபையோடு சேர்ந்து, 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்லித் தொலைத்திருந்தேன். வெளியே வந்தால் பக்கத்து வீட்டு எரிக் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா அங்கிள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கம்பெனி குடுத்திருப்பேன்ல?" என்கிறான்.

இப்போது சாயங்காலம் கேரம் ஆட அடுகோடி கிளப்புக்குப் போகவும் தடை. வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன். ஆயுசு முழுக்க ஒழுங்காக இருந்தும் கட்டினவளே நம்பவில்லையே என்று மனசு எரிகிறது மச்சான். நீங்கள் சொன்னால்தான் அவள் கேட்பாள். உடனே ஒரு போன் போட்டு, இவன் குடிக்கிறவன் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சேசு மரி சூசையின் துணை உங்கள் வீட்டில் தங்கட்டும்.

இப்படிக்கு,
டெஸ்மண்ட்

பி.கு.: அண்ணா, பவுலின் எழுதறேன். துவைக்க எடுத்த சட்டைப் பையில இந்தக் கடிதம் இருந்துச்சு, நானே தபால்ல போடறேன். பிளட் டெஸ்ட் ரிசல்ட் பாத்து, ஈரல் நல்லா இருக்கு, இது சும்மா வந்த புள்ளிதான்னு டாக்டரம்மா போன வாரமே எனக்கு போன் பண்ணிட்டாங்க. ரிட்டயர் ஆனதிலிருந்து இவர் சாயங்காலத்துல வீட்டில இருந்ததே இல்ல. இப்பதான் என் பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசறாரு. கிறிஸ்துமஸ் வரைக்கும் போன் பண்ணிடாதீங்க.