நாற்பத்தாறு டிகிரியில் ஆரோக்கியம் அண்ணன்

சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பெட்டியைக் கண்டாலும் திருப்புளியைத் தேடுவான். கூட வந்த புத்தகத்தைத் தேடமாட்டான். எனக்கு அந்த வியாதி முற்றி, அறுபது வயதுக்கு மேல், செத்துப்போன ஒரு மனிதரைப் பேச வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன் (மற்றவர்கள் சொல்ல வேண்டியது, காத்திருந்து பார்த்தேன், யாரும் சொல்லவில்லை). படிப்பு நாலாம் வகுப்பு. சிங்கப்பூர்த் தேக்காவில் சொந்த ஏர்கான் கடை. இந்தத் தீவில் நான் மாட்டிய கம்ப்ரெசர்களை வரிசையாக அடுக்கினால் ஜோகூர் வரைக்கும் போகும். இதற்கு மேல், அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கியவன். மூன்றாவது தடவை பாஸ். முதல் இரண்டு தடவை கேள்விகள் சரியில்லை.

அந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் ஆரோக்கியம் அண்ணன். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு குவீன்ஸ்டவுனில். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் அவர் ரேடியோவில் பிலிப்பைன்ஸ்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தனியாகக் கோயிலுக்குப் போவார். போன வருஷம் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அக்கா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"நீதான் தம்பி இதை வெச்சு ஏதாச்சும் செய்வே. இங்க இருந்தா தூசிதான் பிடிக்கும்."

அது பாக்கெட் ரேடியோ மோடம். வேலை சுலபம். எண்ணோ எழுத்தோ உள்ளே போனால் அதைக் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தமாக்கும். ரேடியோ அதைக் காற்றில் விடும். எங்கேயோ இன்னொரு ரேடியோ பிடித்து, மறுபடி எழுத்தாக்கி, அனுப்பியவர் பெயரோடு திரையில் காட்டும்.

நான் விடுவேனா? ஒரு வானிலைக் கருவி வாங்கினேன். காற்றுக்குச் சுற்றும் மூன்று கிண்ணம், மழை அளக்கும் டப்பா, வெப்பமானி. அதை அண்ணன் பெட்டியில் கோத்து, பெட்டியை என் ரேடியோவில் கோத்து, என் வீடு இருக்கும் புக்கிட் மேரா வானிலையை என் பேரில் வானத்தில் ஓடவிடப் போகிறேன் என்று தேக்கா கோப்பிக் கடையில் எல்லா மேசைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன்.

கருவியை எங்கே மாட்டுவது? ஜன்னலுக்கு வெளியே என் ஏர்கான் கம்ப்ரெசர் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்தான் வீட்டிலேயே பலமான இடம். நான் மாட்டிய பிராக்கெட் விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதன் ஓரத்திலேயே முடுக்கினேன். பெட்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் தடியாக இருந்தது. தேநீர்ப் பாத்திரத்தை அதன் மேல் வைத்தேன்; நன்றாக நின்றது.

சுவிட்சைப் போட்டேன். பெட்டியில் பச்சை விளக்கு மினுங்கியது. கைப்பேசியில் ரேடியோ நிலையங்களைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து என் பேரைத் தேடினேன். இல்லை. மறுநாளும் இல்லை.

கோப்பிக் கடையில் கேட்டார்கள்: "என்ன மாணிக்கண்ணே, புக்கிட் மேராவுல இன்னும் வானமே வரலையா?"

"பெட்டி பழசு லா. ஆளோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு," என்றேன். ஆனால் நிறுத்தவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்: மக்கர் செய்கிற எந்திரத்தை அப்படியே ஓட விடு, தானாகப் பிடித்துக்கொள்ளும். விட்டுவிட்டு மறந்தும் போனேன்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். குரல் மிக மெதுவாக இருந்தது.

"தம்பி, உங்க அண்ணன் வந்திருக்கார். கொஞ்சம் வர்றியா?"

எந்த அண்ணன் என்று கேட்காமலே செருப்பை மாட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வானம் மழைக்குக் கறுத்து, நடுப்பகலிலேயே வீடு இருட்டாகக் கிடந்தது. அண்ணனின் அறை அவர் விட்டுப்போனபடியே இருந்தது. நாற்காலி மேசையிலிருந்து கொஞ்சம் திருப்பி வைத்த மாதிரி, இப்போதுதான் எழுந்து போனது போல. கதவுக்குப் பின்னால் அவர் சட்டை. மேசையில் அவர் ரேடியோ, சின்னத் திரை நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"அவர் போட்டுட்டுப் போனது. நிறுத்த மனசு வரல," என்றார் அக்கா.

காத்திருந்தோம். வெளியே இடி உருண்டது. திடீரென்று ரேடியோ தொண்டையைச் செருமியது. கர்ர்ர். திரையில் அண்ணனின் அழைப்புக்குறி வந்தது. அரசாங்கம் அவர் ஒருவருக்கு மட்டும் கொடுத்த ரேடியோப் பேர். அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அன்றைக்கு அது நல்லதாகப் போகவில்லை. பயம் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

*ஆரோக்கியம் இங்கே. காத்திருக்கிறேன்.*

அதற்குக் கீழே: வெப்பம் 46. காற்று பலம். மழை.

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது (என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்). ஆனாலும் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து கதவோரமாக நின்றுகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சொட்டு விழவில்லை, ஓர் இலை அசையவில்லை. சிங்கப்பூரில் நாற்பத்தாறு டிகிரி எந்தக் காலத்திலும் கிடையாது. அப்படியானால் இது எந்த ஊர் வானிலை?

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "உத்தரிக்கிற ஸ்தலம், தம்பி. மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னால பாவம் தீர வேகுற இடம்."

"அக்கா..."

"மத்தியானம் ஆனா சூடு ஏறுது. மழைன்னு வருதே, அது மழை இல்ல. அழுறார்." கையில் ஜெபமாலையை இறுக்கிக்கொண்டார். "பூசைக்கு வராம இதுலயே கிடந்தார்ல, ஒருநாள் கோவத்துல சொல்லிட்டேன். இந்தப் பெட்டியோடயே கிடந்து வேகுங்கன்னு. அதுக்கு அடுத்த வாரந்தான்..."

சாப்பாடு இறங்கி எத்தனை நாளாயிற்றோ, மணிக்கட்டு குச்சியாக இருந்தது. பாதிரியாரிடம் சொல்லிப் பூசைகள் வைத்தாராம், சூடு இறங்கவில்லையாம். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகள் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். "அவரை இந்தச் சூட்டுல விட்டுட்டு நான் எங்க போறது?"

முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கினார். பாதி முடிந்திருக்கும். கர்ர்ர். வெப்பம் 39. இன்னும் கொஞ்சம் சொன்னார். கர்ர்ர். 33. சாமி கும்பிடுவதில் நான் அவ்வளவு ஒழுங்கில்லை. அன்றைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. மனைவி சரோஜா.

"என்னங்க, ஏர்கானை அப்பவே நிறுத்திட்டேன், மார்க்கெட்டுக்குக் கிளம்புறேன். மேல் வீட்டு ஆன்ட்டி ஈரத்துணியைக் கம்புல போட்டிருக்கா, உங்க கருவி மேலதான் சொட்டு சொட்டுன்னு விழுது. அப்புறம் கெட்டுப்போச்சுன்னு என்னைக் கேக்காதீங்க."

எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

"ஏர்கானைத் திரும்பப் போடு," என்றேன்.

"வீட்டுல ஆளே இல்ல, எதுக்கு?"

"போடு லா, சொல்றேன்."

கர்ர்ர். 40. கர்ர்ர். 45. அக்கா ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு அந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு மட்டும் குலுங்க அழத் தொடங்கினார். சோதனை வெற்றி. அவர் கண்ணெதிரே அவர் புருஷனை நான் இரண்டாம் முறை வேக வைத்திருந்தேன்.

"நிறுத்து, நிறுத்து," என்று போனில் கத்திவிட்டு, தரையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். என் வீட்டில் ஓடும் அண்ணன் பெட்டிக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. அண்ணன் பேரையும் அவர் எழுதிவைத்த வரியையும் அது மறக்காமல் வைத்திருக்கிறது. அதை மாற்றுவதுதான் முதல் வேலை, நான் மாற்றவில்லை. பேச ஆள் வந்தால் தயாராக இருக்கிறேன் என்பதற்கு ரேடியோக்காரர்கள் போடும் வரிதான் அந்தக் 'காத்திருக்கிறேன்'. சூடும் காற்றும், என் ஏர்கான் கம்ப்ரெசர் விசிறி. கண்ணீர், மேல் வீட்டு ஆன்ட்டியின் துணி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலையை மேசையில் வைத்தார்.

"அப்ப அவர் வெந்தது உன் ஏர்கான் காத்துலயா?"

"ஆமாக்கா."

"ஆயுசு பூரா ஏர்கான் மாட்டுறியே. சூடு எந்தப் பக்கம் வரும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"புத்தகத்தைப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அவரும் பாக்கமாட்டார்," என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நல்ல இடமா பாத்து மாத்தி வை. அந்த வரியை மட்டும் அழிச்சிடாதே."

கொட்டுகிற மழையில் வீட்டுக்கு ஓடினேன். முதல் வேலையாகப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. ஈரச்சட்டையோடு அதைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, இப்பத்தான் வந்துச்சு. இருபத்தாறு. மழை இல்ல, காத்து இல்ல. அதுக்குள்ள மாத்திட்டியா? நல்ல இடமாத்தான் பாத்திருக்கே."

ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. என் கையில் பிளக் இருந்தது.

"ஆமாக்கா," என்றேன். "நல்ல இடந்தான்."

அது எப்படி வந்தது என்று இன்றுவரை எவனும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எவனையும் கேட்கவில்லை.

இப்போது கருவி அடுத்த பக்கத்து ஜன்னல் நிழலில் இருக்கிறது. சட்டப்படி என் அழைப்புக்குறிதான் ஓடுகிறது. கீழே அண்ணனின் வரி அப்படியே. அக்கா பெர்த்துக்குப் போய்விட்டார். அங்கிருந்தே வரைபடத்தைப் பார்த்து, முப்பத்து மூன்றைத் தாண்டினால் கூப்பிடுவார்: "அவருக்கு வேர்க்குது போல தம்பி, ஒரு எட்டுப் பாரேன்." நானும் போய்ப் பார்க்கிறேன்.

போன மாசம் புது ரைஸ் குக்கர் வாங்கி வந்தேன். நான் திருப்புளியை எடுப்பதற்குள் சரோஜா புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

"படிங்க முதல்ல. இந்தத் தடவை யாரு வேகப்போறாங்களோ."