ஜெனிட்டாவின் கழுத்தில் கண்டுபிடித்த வெப்

சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய அக்கா தெரசா அவர்களுக்கு,

தம்பி இன்பராஜ் வணக்கத்துடன் எழுதுவது. குடியாத்தத்தில் உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மகள் ஜெனிட்டாவும் நலம். இந்த நலத்துக்கு நடுவில் கொஞ்ச நாள் நலமில்லாமல் போய்விட்டது. போனில் சொன்னால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அழ ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் ஜெனி பிழைத்துக்கொண்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், காபி டம்ளரைக் கீழே போட்டாள். "இன்னாடி கவனம்?" என்றேன். அவள் பதில் சொன்னாள், ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆபீஸ் இங்கிலீஷில் என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்து நானும் பதிலுக்குத் திட்டினேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு நர்ஸ் வின்னி, உறைமோர் கேட்டு வந்தார்.

"இன்னாண்ணே, பொண்ணுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது, நீங்க சண்ட போட்டுனு நிக்கிறீங்க! ஜெனி, ரெண்டு கையும் தூக்கும்மா!"

இடது கை எழுந்தது. வலது கை எழவில்லை.

"ஸ்ட்ரோக்குண்ணே! டைம் பாத்து வெச்சிக்கோங்க, டாக்டர் கேப்பாங்க."

"முப்பத்தாறு வயசுப் பொண்ணுக்கு ஸ்ட்ரோக்கா?"

"வயச அப்புறம் கணக்குப் போடலாம், வண்டியக் கூப்பிடுங்க!"

எதிர்வீட்டு மஞ்சுநாத் கோலார் மண்டிக்கு வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தான். "பேக ஹத்தி சார்!" என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கன்னடத்தில் கத்தி எங்களை ஏற்றிக்கொண்டான். சரக்கை இறக்க நேரம் ஏது? ஜெனியும் வின்னியும் முன்னால், நான் பின்னால் தக்காளியோடு. ரோட்டில் வந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கூடை என்மேல் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த இரண்டு பேர் ஜெனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். "ரத்தம் இல்லப்பா, தக்காளிப்பா!" என்று நான் அலறியதைக் கேட்டு, மண்டையில் அடி பலம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

நல்லவேளை, வின்னி போட்ட சத்தத்தில் ஜெனியை உள்ளே கொண்டுபோனார்கள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். சாயங்காலம் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம், "அப்பா, சட்டைய மாத்து."

சரி, ஏன் வந்தது? சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கொழுப்பு இல்லை, இதயம் மணி மாதிரி இருக்கிறது. மூன்று மாதம் முன்பு அவளுக்கு அதே கை கால்மணி நேரம் மரத்துப்போனது; அப்போது வேறோர் இடத்தில் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டதும் டாக்டர் ஷைலஜா கழுத்து ஸ்கேனை மறுபடி திறந்து, மூக்கு ஸ்கிரீனில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "கரோட்டிட் வெப்" என்றார். வெப் என்றால் சிலந்தி வலைதானே அக்கா? எந்த ஒட்டடை உள்ளே போயிற்றோ என்று ஆஸ்பத்திரிக் கூரையையெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். பார்க்க வந்த என் பழைய ஃபேக்டரி சிநேகிதன் சின்னப்பா வேறு, "நாள் பூரா கம்ப்யூட்டர் வெப்லயே உக்காந்தினு இருந்தா, கழுத்துல வெப் வராம இன்னா வரும்?" என்று கேட்டான். நானும் அதை டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா சிரித்து முடித்த பிறகு படம் போட்டுக் காட்டினார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் உள்சுவரில் மெல்லிய சவ்வு ஒன்று குட்டி அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்தது பிய்த்துக்கொண்டு மேலே போனால் ஸ்ட்ரோக். "வயசாகி வர்ற அடைப்பு இல்ல சார். சின்ன வயசுக்காரங்களுக்கும் இருக்கும். தேடினாதான் கண்ணுல படும்." முப்பது வருடம் ஹைட்ராலிக் பைப் பொருத்தியவனுக்கு இது புரியாதா? "பைப்புக்குள்ள பிசிறு! அரம் போட்டு ராவிடலாமே?" என்றேன். ராவ மாட்டார்களாம். தொடை வழியாக ஒரு கம்பிவலைக் குழாயைக் கழுத்துவரை அனுப்பி, அந்தச் சவ்வைச் சுவரோடு சேர்த்து அமுக்கிவிட்டார்கள். இப்போது மாத்திரை மட்டும்தான். நடக்கிறாள், பேசுகிறாள், என்னை அதட்டுகிறாள்.

இந்தக் காலம் முழுக்க நான் கல்லு மாதிரி தைரியமாக இருந்தேன் அக்கா. ஆகவே நீங்கள் பதறிக்கொண்டு புறப்பட்டு வர வேண்டியதில்லை. மாமாவுக்கு என் தோத்திரம். உங்கள் வீட்டில் எல்லாத் தலைகள்மேலும் ஆண்டவர் கை இருக்கட்டும், கழுத்துகள்மேலும் இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
இன்பராஜ்

பின்குறிப்பு: அத்தை, இது நான், ஜெனி. அப்பா இதைப் போஸ்ட் செய்யக் கொடுத்தார். கவரை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், ஆனாலும் வலது கைதான். தைரியமாம்! நான் குளிக்கப் போனால் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஜெனி, உன் பேர் சொல்லு" என்கிறார். நேற்று சோப்பு நுரை வாயில் போய் பதில் சொல்லத் தாமதமானது; கதவைக் கீலோடு கழற்றிவிட்டார். தயவுசெய்து உடனே வாருங்கள். என்னைப் பார்க்க இல்லை, இவரைப் பதினைந்து நாள் அங்கே கூட்டிக்கொண்டு போக. உங்களிடமாவது கொஞ்சம் அழட்டும். என் எதிரே சிரித்துச் சிரித்தே களைத்துப்போய்விட்டார்.