பணிவுடன் வந்த வைரஸ்

சொந்தப் பெயரில் இணைய டொமைன் இல்லாதவர் முதலாளியே அல்லர் என்பது சிவகாசி வட்டாரத்தில் முடிவாகிவிட்ட விஷயம். எந்தச் சங்கம் கூடி முடிவெடுத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தாயில்பட்டியில் பட்டாசு ஆலை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சியும் தம் பெயரில் ஒன்று வாங்கி, அதில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் அச்சடித்துக்கொண்டார்.

கார்டு வியாபாரிகளுக்குப் போனதோ இல்லையோ, உலகத்து வைரஸ்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. 'ஏற்றுமதி இயக்குநர் அவர்களுக்கு' என்று அந்த ஆலையில் இல்லாத பதவிக்கெல்லாம் மெயில் வந்தது. அண்ணாச்சியின் மகள் ஆர்த்தி ஒன்றைத் திறந்தாள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

அண்ணாச்சி பதறவில்லை. வெடிக்கிற சரக்கை எப்படிக் கையாள்வதென்று அவருக்கா தெரியாது? புதுக் கம்ப்யூட்டரை, வெடிமருந்து கலக்கும் அறையைப் போலத் தனியாக ஓர் அறை கட்டி வைத்தார். வாசலில் செம்புத் தகடு பதித்தார். செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் மெயில் பார்க்க வேண்டும். மருந்துக் கழிவைப் போலவே, அன்றைய வைரஸை அன்று சாயங்காலமே அழித்துவிட வேண்டும்.

"வைரஸ் கால் வழியா ஏறாதுப்பா."

"நீ கண்டியா?"

ஆர்த்தி கண்டதில்லை. தகட்டைத் தொட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தரும் வெடி இசைவு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உரிமம் இனி மின்னஞ்சலில் மட்டுமே வரும். மூன்று நாளுக்குள் திறந்து ஒப்புதல் தராதவருக்கு உரிமம் தேவையில்லை எனக் கருதி ஆலை பூட்டப்படும். சீசன் நேரத்தில் பூட்டு விழுந்தால் தீபாவளி ஆர்டர் மொத்தமும் போய்விடும்.

வைரஸும் அந்த அறிவிப்பைப் படித்திருக்க வேண்டும். 'தங்கள் உரிமம் இணைக்கப்பட்டுள்ளது' என்று அதுவும் எழுத ஆரம்பித்தது. அண்ணாச்சி நேரிலேயே போய், அலுவலக எழுத்தர் மணிகண்டராஜைப் பார்த்தார்.

"தம்பி, உங்க பேர்ல தினமும் வைரஸ் வருது. நெசமானது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"திறந்து பாருங்க. கம்ப்யூட்டர் படுத்துருச்சுன்னா அது எங்களுது இல்ல."

"படுக்கலைன்னா?"

"அப்பவும் எங்களுது இல்ல. நாங்க இன்னும் அனுப்பவே இல்லையே."

வழி கண்டுபிடித்தவள் ஆர்த்திதான். "வைரஸ் 'அன்புடையீர்'னு ஆரம்பிக்குதுப்பா. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்'ங்குது. அந்த ஆபீஸ் என்னைக்காச்சும் நமக்காக வருந்தியிருக்கா?"

வருந்தியதில்லை. 'உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்பதுதான் அவர்கள் எழுதிய அதிகபட்ச அன்பு. ஆகவே, மரியாதையாக வந்தால் வைரஸ், அதட்டினால் அசல். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. அச்சாபீஸ் ஊரில் பெருமையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? 'பணிவு கண்டால் அழி' என்று நாலு கலரில் ஸ்டிக்கர் அடித்து ஊருக்கே கொடுத்தார். மணிகண்டராஜும் ஒன்றை வாங்கித் தன் மேஜையில் ஒட்டிக்கொண்டார்.

அதற்குள் மேலிடத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு ஆணை வந்தது: பொதுமக்களுக்குக் கனிவாக எழுத வேண்டும். முந்திரி பக்கோடாவுடன் ஒரு நாள் பயிற்சியும் நடந்தது.

மறுநாள் ஆர்த்தி அறையிலிருந்து கூவினாள். "அப்பா, 'அன்பிற்கினிய செந்தூர்பாண்டி அவர்களே, காக்க வைத்ததற்கு மன்னியுங்கள்'னு வந்திருக்கு!"

"மன்னிப்பா? அம்புட்டுப் பெரிய வைரஸா! சாயங்காலம் வரைக்கும் வைக்காதம்மா, இப்பவே அழி."

நாலாம் நாள் ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். வேலைக்கு வந்த பாண்டிலட்சுமி தூக்குவாளியோடு வாசலிலேயே நின்றாள். "இனி எப்ப வரட்டும் அண்ணாச்சி?" என்று அவள் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே மேல்முறையீடு எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி நேரில் போனார்.

"வந்துச்சு அண்ணாச்சி," என்றார் மணிகண்டராஜ். "'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பாதம் பணிந்து'ன்னு இருந்துச்சு. நல்லவேளை, நீங்க குடுத்த ஸ்டிக்கர் எதுக்கவே இருந்துச்சு. உடனே அழிச்சிட்டோம்."

இப்போது எங்கள் வட்டாரத்தில் மரியாதையாக எழுதுவது வைரஸ் மட்டும்தான். ஆர்த்தி செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவது மேல்முறையீட்டை அடித்துக்கொண்டிருக்கிறாள். "ஏலே மணிகண்டராஜு" என்று ஆரம்பிக்கிறது. இதைக் கட்டாயம் திறந்து பார்ப்பார்கள் என்று அண்ணாச்சி நம்புகிறார்.