அட்வெர்ப் அண்ணாத்த ஏறும் பஸ்

செங்கல்பட்டு வட்டாரத்திலேயே ஒரு வார்த்தையைத் தனியாக விட மனசு வராத ஒரே மனிதர் எங்கள் அட்வெர்ப் அண்ணாத்ததான். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். நான் அங்கே கணக்குப் பிரிவு. காலையில் செங்கல்பட்டில் ஸ்டாஃப் பஸ் ஏறும்போதே ஆளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுத்துவிடுவார். அதன் நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் நான்கையும் சொன்னால்தான் உட்காரலாம். பாதிப் பேர் அட்வெர்பில் மாட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை நின்றபடியே வருவோம். பேர் வந்த கதை அதுதான்.

எதற்கு இந்த வம்பு என்று கேட்டால், வெள்ளைக்காரன் முன்னால் நாம் வாயடைத்து நிற்கக் கூடாதாம். ஒருமுறை டவல் வரத் தாமதமாகி, ஒரு வெளிநாட்டு அம்மாள் ரிசப்ஷனை ரெண்டாக்கிவிட்டார். அண்ணாத்த போய்க் கைகட்டி நின்று, அப்பாலஜி, அப்பாலஜைஸ், அப்பாலஜெட்டிக், அப்பாலஜெட்டிகலி என்று ஒப்பித்துவிட்டுத் திரும்பி வந்தார். தன்னிடம் இவ்வளவு முழுசாக யாருமே மன்னிப்புக் கேட்டதில்லை என்று அந்த அம்மாள் மேனேஜரிடம் சொன்னாராம்.

பஸ் டிரைவரின் அப்பா செத்த வீட்டிலும் விடவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, டெத், டை, டெட் என்று முணுமுணுத்தவர், நாலாவது கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த டிரைவர் மட்டும் சிரித்துவிட்டான்.

அப்புறம் அவருக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். பீடி செய்த வேலை. குரல்வளையை எடுத்தால் உயிர் நிற்கும், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். ஆபரேஷனே வேண்டாம் என்று அண்ணாத்த வழக்கம்போல் பஸ்ஸில் வந்து உட்கார்ந்துவிட்டார். கரகரத்த குரலில் எங்களுக்கு வார்த்தை கொடுத்தார். அன்றைக்கு எல்லோருமே நின்றுகொண்டு போனோம்.

மறுநாள் அவர் சம்சாரம் பஸ்ஸில் ஏறினார். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து, செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்பவர். எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, நேராகப் புருஷன் எதிரே போய் நின்றார்.

"பேச்சு போனா இன்னாடி மிச்சம்?" என்றார் அண்ணாத்த.

"நீ மிச்சம்யா. வூட்ல நீ கீற, அது போதும் எனக்கு. எறங்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

இறங்கிவிட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு, மூச்சு விடக் கழுத்தில் போட்ட ஓட்டைக்கு மேல் துணியைக் கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் வர ஆரம்பித்தார். வார்த்தையை நாங்களே எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே தப்பாகச் சொன்னோம். தப்பு காதில் விழுந்ததும் முன்சீட்டுக் கம்பியைப் படபடவென்று தட்டிக் கண்ணாலேயே திட்டுவார். தெரிந்த இங்கிலீஷை இவ்வளவு கஷ்டப்பட்டுக் கெடுத்துப் பேசிய பஸ் வேறெங்கும் இருந்திருக்காது.

போன மாதம் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வேலையை விட்டார், பஸ்ஸை விடவில்லை.

நேற்று பியூட்டி என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு வாய்க்கு வந்ததை உளறினேன். கம்பியில் சத்தமே இல்லை. ஜன்னலோரம் தலை சாய்ந்திருந்தது. எழுந்து நின்று, இன்னும் மோசமாக, இன்னும் உரக்கச் சொன்னேன்.

அண்ணாத்த கண்ணைத் திறக்காமலேயே, ஒற்றை விரலால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். நான் உட்கார்ந்து அழுதேன். அவர் திட்டாத பஸ்ஸில் போய் எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம் எனக்கு வரவே வேண்டாம்.