ஸ்பிறிங் அண்ணையின் செம்புச் சோதனை

யாழ்ப்பாணத்தில் ரோட்டைத் திட்டாமல் கார் ஓடுகிற ஒரே மனிசன் எங்கள் உடுவில் ஸ்பிறிங் அண்ணைதான். பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு கழுத்துக்கு வந்தாலும், “பள்ளம் தன்ரை பாட்டிலை கிடக்குது தம்பி. ஸ்பிறிங் சரியில்லாமல் நாங்கள்தான் அதுக்கை போய் விழுறம்” என்பார். அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அவருடையது பழைய இங்கிலாந்துப் பந்தயக் கார். சிவப்பு. கூரை மடியும். இரண்டே சீற். நிலத்தோடு ஒட்டிக் கிடப்பதால் அதற்குள் ஏற முடியாது, இறங்கித்தான் சீற்றில் இருக்கவேண்டும். முதல் தரம் என்னைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனபோது, வீட்டில் பூசின திருநீற்றின் மூன்று குறியும் சந்தை வாசலில் ஒன்றாய்ப் போயிருந்தன. அங்கே வாங்கின தயிர் வீட்டுக்கு மோராய் வந்தது.

பின்பக்கத்து வில்லுத் தகடுகளைக் கழற்றி லொறித் தகடு போட்டுப் பார்த்தார். கார் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. தகட்டைக் குறைத்தார். தவளை மாதிரி வயிறு நிலத்தில் முட்ட இருந்துவிட்டது.

இவ்வளவும் அக்காவுக்காக. அக்கா என்றது அவருடைய மனுசியை. முதுகில் ஒப்பரேசன் செய்தபின் பஸ் ஏறமுடியாமல், அந்த மனுசி கீரிமலைச் சிவனைக் கும்பிட்டு மூன்று வருசம்.

“வாடகை வான் பிடிக்கலாமே அண்ணை?”

“என்ரை மனுசியைப் பிறத்தியான்ரை ஸ்பிறிங்கிலை விடுறதோ?”

அக்கா குசினிக்குள் இருந்து சொல்லுவா: “உந்தக் கார் கீரிமலையிலை நிக்காது தம்பி. நேரே சிவலோகம்தான்.”

கடைசியில் அண்ணையின் லண்டன் மச்சான் கப்பலில் பெட்டி அனுப்பினார். புதுச் சுருள் ஸ்பிறிங், புதுத் தகடு, எண்ணெய் அடைத்த சொக் அப்சோபர், ரப்பர் புஷ். அண்ணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, நல்ல நாள் வரும்வரை சாமியறையில் வைத்திருந்தார். பிறகு ஒரு கிழமை காருக்குக் கீழேயே குடியிருந்தார்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டா. “இஞ்சரப்பா, கீரிமலைத் தீர்த்தம் ஒரு செம்பு, விளிம்புமட்டும் நிரப்பிக் கொண்டாங்கோ. குறையாமல் வந்தால் ஏறுறன்.”

சாட்சிக்கு நான் போனேன். கேணியில் முழுகி, ஈர வேட்டியோடு, மேலெல்லாம் திருநீறு பூசி, செம்பை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

“மடியிலை வைக்கட்டோ அண்ணை?”

“வேண்டாம். உம்மடை வயிறும் ஒரு ஸ்பிறிங். சோதனை பிழைச்சுப்போம்.”

இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருந்த மேட்டில் ஒரு விரிப்பைப் போட்டுச் செம்பை வைத்தோம். விழாமல் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்தேன். புதுச் சாமான் போட்டதென்று அண்ணை முன்பக்கத்தில் மாலையும் கட்டியிருந்தார். கார் நடைவேகத்தில் புறப்பட்டது.

வழியில் தெல்லிப்பழையில் அண்ணை காரை நிற்பாட்டி, ஸ்பிறிங் பார்க்கக் குப்புற விழுந்து காருக்குக் கீழே தலையை விட்டார். ஒரு வீட்டு வாசல் படலையடியில் நின்ற மனிசன், மாலை போட்ட காரையும் செம்பையும் மேற்சட்டையில்லாத என்னையும் பார்த்தார். தானும் ரோட்டில் விழுந்து கும்பிட்டார். எழும்பிக் கையை ஏந்தினார்.

தீர்த்தத்துக்கு ஏந்தின கையை இல்லையென்று அனுப்பலாமோ? கொஞ்சம் வார்த்தேன். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

அண்ணை ஒவ்வொரு சந்தியிலும் இறங்கிப் படுத்தார். ஒவ்வொரு சந்தியிலும் சனம் கை ஏந்தியது. மல்லாகத்தில் ஒருவர் காருக்கு முன்னால் தேங்காயே உடைத்துவிட்டார். சிரட்டைக்கு மேலால் கார் ஏறி இறங்கியது.

“பார்த்தீரோ! சத்தம் இல்லை! ஒரு சொட்டும் துள்ளேல்லை!” அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. துள்ளத் தண்ணீர் இருந்தால்தானே! நான் செம்பின் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

உடுவிலில் அக்கா செம்புக்குள் எட்டிப் பார்த்தா. அடியில் ஒரு மிடறு.

அண்ணையின் முகம் செத்துப்போனது. காருக்கு முன்னால் போய் மாலையை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அக்கா, சிவன் ஆணை! ஒண்டும் சிந்தேல்லை. சனம் கை ஏந்திச்சுது, நான்தான் குடுத்தனான்” என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அக்கா மெல்லக் குனிந்து, செம்பு வைத்திருந்த விரிப்பை உள்ளங்கையால் தடவினா. காய்ந்து கிடந்தது. மிச்ச மிடறைத் தானே குடித்துவிட்டு, “மாலை கிடக்கட்டும். என்ரை கையைப் பிடியுங்கோவன், காருக்குள்ளை இறங்கி இருக்க” என்றா.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் பஸ்ஸில்தான் கீரிமலைக்குப் போகிறேன். சீற் இரண்டுதானே. பள்ளத்தில் பஸ் விழுந்து என் தலை கூரையில் முட்டும். முன்னால் அதே பள்ளத்தைக் கடந்துபோகிற சிவப்புக் காரில், அக்காவின் கொண்டைப் பூ அசையாது. ‘அப்பனே, அந்த மனிசனை இப்படியே வைத்திரு’ என்று பஸ்ஸிலேயே கும்பிட்டுவிடுவேன். கோயில் வரும்வரை பொறுக்க முடிவதில்லை.