பையில் பெரிய மட்டை இல்லை

கடைசிப் போட்டியின் கடைசி நாள், முதல் குழியில், என் பையில் பெரிய மட்டை இல்லை.

நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நான் பண்ணியது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெரிய மட்டை என்பது ஆரம்ப அடிக்கு எடுப்பது. அடித்தால் பந்து தூரமாகப் போகும். எங்கே போகும் என்று கேட்கக் கூடாது. என் மனைவி சுமாலி கேட்பாள்.

அவள்தான் எனக்குக் கேடி. பை தூக்குவாள், மட்டை எடுத்துத் தருவாள். நான் கேட்ட மட்டையை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நினைத்த மட்டையை. பினாங்கில் ஆரம்பித்த சண்டை மணிலா, தைபே, ஜகார்த்தா, சியோல் என்று எங்களோடு விமானம் ஏறி ஏறி இறங்கி, டிசம்பரில் பாங்காக் வந்து சேர்ந்தபோதும் அதே வாக்கியத்தில்தான் நின்றது.

"சின்னத எடுங்க. நேரா போகும்."

எனக்கு நேராகப் போவது பிடிக்காது. சீக்கிரம் போவது பிடிக்கும். வயது ஐம்பத்து நான்கு. கூட ஆடும் பையன்கள் நான் முதல் கோப்பை வாங்கியபோது பிறக்கவில்லை. பந்துக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறார்கள். புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுகிறார்கள். கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதற்குள் நான் அடித்துவிட்டு, பந்தைத் தொலைத்துவிட்டு, தேடவும் ஆரம்பித்திருப்பேன். நிற்கச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும்.

அந்த சீசன் முழுக்கக் கால் அரித்தது. தைபேயில் காற்று அடங்கக் காத்திருந்தோம். ஜகார்த்தாவில் மின்னல் என்று சைரன் ஊதி ஒரு வேனுக்குள் அடைத்துப் போட்டார்கள். நான் அந்த வேனுக்குள்ளேயே நடந்தேன். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யார் மிச்சம் என்று பலகை முன்னால் நிற்க வேண்டும். ஊர் ஊராக நின்றேன். பாதி ஊர்களில் மறுநாள் காலை விமானம் ஏறினேன்.

வருஷக் கடைசியில் பட்டியலில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருஷக் கார்டு. கார்டு இருந்தால் ஆட்டக்காரன். இல்லாவிட்டால் வீடு. கடைசிப் போட்டிக்கு வரும்போது நான் அறுபத்து மூன்றாவது.

வீடு என்றால் ஹுவா ஹின், பாங்காக்கிலிருந்து வேனில் மூன்று மணி நேரம். அங்கே சுமாலியின் தம்பி, நூடுல்ஸ் கடைக்குப் பின்னால் வலை கட்டி ஒரு பயிற்சி இடம் போட்டிருந்தான். வாத்தியாருக்கு என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கிவிட்டான். நீல நிறம். என் பெயரை முதுகில் எழுதியிருந்தான். நான் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. உட்கார்ந்தே சாவதற்கு நான் என்ன பாவம் செய்தேன்.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். கடைசிப் போட்டியில் பெரிய மட்டையால் மட்டுமே அடிப்பது. அதற்கு ஒரே தடை சுமாலி. ஆகவே சுமாலிக்கு முழங்கால் வலி.

அவளுக்கு வலி இல்லை. நான்தான் கண்டுபிடித்தேன். சியோலில் படியேறும்போது ஒரு தடவை 'அம்மா' என்றாள். அது போதும். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். பாவம், உன் முழங்கால். வருஷம் முழுக்க நடந்திருக்கிறாய். இந்த ஒரு வாரம் ஓய்வெடு. பாங்காக்கில்தானே ஆட்டம், அங்கேயே ஒரு கேடியை வைத்துக்கொள்கிறேன்.

அவள் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"எந்த முழங்கால்?" என்றாள்.

"இடது."

"சரி. இடது வலிக்குது. நான் வரல."

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது எனக்கு அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். நான் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் எதற்கும் நேரம் இல்லையே.

மைதானத்தில் கேடிகள் கொட்டகைக்குப் போனேன். எங்கள் தாய்லாந்தில் கேடிகள் எல்லாம் பெண்கள். வெயிலில் கறுத்துவிடக் கூடாது என்று தொப்பி, தொப்பிக்குக் கீழே துணி, கழுத்துக்குத் துணி, கைக்கு உறை. கண் இரண்டும்தான் வெளியே. அந்தக் கோலத்தில் வங்கிக்குள் போனால் போலீஸ் வரும். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பேசாமல் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டேன். சம்பி என்றாள். எந்த மட்டை எடுக்கலாம் என்பது பற்றி உனக்கு ஏதாவது அபிப்பிராயம் உண்டா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அந்த இடத்திலேயே அவளை முடிவு செய்துவிட்டேன்.

மூன்று நாள் சொர்க்கம். பெரிய மட்டை என்றேன், வந்தது. மறுபடி பெரிய மட்டை என்றேன், மறுபடி வந்தது. முதல் நாள் நன்றாக ஆடினேன். இரண்டாம் நாள் நூலிழையில் தப்பினேன். மூன்றாம் நாள் பந்து குளத்துக்குப் போனது, நாணல் புதருக்குப் போனது, ஒரு தடவை பக்கத்துக் கோயிலுக்கே போனது. சம்பி ஒரு குச்சியால் புதரைத் தட்டித் தட்டித் தேடினாள். ஒரு இடத்தில் குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பாம்பு என்று நினைக்கிறேன். அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன மனுஷி என்று வியந்தேன். அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நான் இன்னும் அறுபத்து மூன்றுதான்.

நான்காம் நாள் காலை கேடி வந்தாள். கேடிக்குக் கொடுக்கும் மேல்சட்டையில் என் பெயர், முகத்தில் துணி, கண் இரண்டு. முந்தின நாளைவிடக் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தாள். நன்றாகச் சாப்பிட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன். நல்லாத் தூங்கினியா என்று கேட்டேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். தொண்டை கட்டிவிட்டதாம். நேற்று வரைக்கும் என்ன பாட்டா பாடினாய் என்றேன்.

முதல் குழி. பெரிய மட்டைக்கு நான் புலித்தலை உறை போட்டு வைப்பேன். புலியின் காதைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஒரு சின்னத் தலை. கடையில் வாடகைக்குக் கொடுக்கிறார்களே, பிடியில் ரோஜா நிறம் சுற்றியது, அந்த மாதிரி ஒரு கட்டை.

பையைக் கவிழ்த்துத் தேடினேன். கேடி விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். பதினான்கு. விதிப்படி பதினான்கு மட்டைதான் வைக்கலாம், கூட ஒன்று வைத்தால் தண்டனை, ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கவும் கூடாது. பெரிய மட்டை கிடைத்தாலும் இனி உள்ளே வர முடியாது. ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரோஜா நிறக் குச்சியோடு போய் நின்றேன். கூட ஆடிய கம்போன் என்ற பையன் மரியாதைக்காக வானத்தைப் பார்த்தான்.

அடித்தேன். நேராகப் போனது.

அடுத்ததும் நேராகப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. குளத்தை ஓரமாகத் தாண்டி, மணலைத் தாண்டி, புல் நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தது. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழியை மூன்றில் முடித்தேன். இன்னொன்றையும் அப்படியே முடித்தேன். தேட வேண்டியது எதுவும் இல்லாததால் எனக்குக் கையும் காலும் சும்மா இருந்தன. வாய் திறந்துகொண்டது.

சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு வாய்க்கவில்லையே என்றேன். என் மனைவியின் முழங்கால் கதையைச் சொல்லி நானே சிரித்தேன். அவள் குறட்டைக்குத் தைபே ஓட்டலில் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டியதைச் சொன்னேன். அடுத்த வருஷம் முழுக்க நீதான் என் கேடி, அவளை வீட்டில் விட்டுவிடப் போகிறேன், சத்தியம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நன்றாகக் கேட்டுக்கொள்கிறவள்.

கம்போன் அவளைக் கும்பிட்டுத் தண்ணீர் கொடுத்தான். "வெயில் அதிகம், பாத்துக்கோங்க அக்கா" என்றான். கேடிக்கு அவ்வளவு மரியாதை. இந்தக் காலத்துப் பையன்களும் மோசமில்லை என்று நினைத்தேன்.

பதினாறாம் குழியில் குளம் குறுக்கே வரும். பலகையில் என் பெயர் அறுபத்தொன்று. இன்னும் ஒருவனைத் தாண்ட வேண்டும். ஒரே அடியில் குளத்தைத் தாண்டிவிடலாம் என்று தோன்றியது. கட்டையை எடு என்றேன். கேடி இரும்பு மட்டையை நீட்டினாள். கட்டை என்றேன். பையின் மேல் காலை வைத்துக்கொண்டு மறுபடி இரும்பை நீட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. நீயும் என் பொண்டாட்டி மாதிரியே பண்ணாதே என்றேன். அவள் வைக்கிற புளிக்குழம்பை இந்தக் குளத்தில் ஊற்றினால் ஒரு மீன் மிஞ்சாது, அந்தக் கையால் மட்டை வாங்கியே என் வருஷம் போச்சு என்றேன்.

கேடி துணியை இறக்கினாள். வியர்வையைத் துடைத்தாள்.

சுமாலி.

குளத்தில் விழலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆழம் போதாது.

அவள் கத்தவில்லை. அது இன்னும் மோசம். துணியை மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

"ஏழாம் நம்பர் இரும்பு. குளத்துக்கு இந்தப் பக்கமே போடுங்க. குழம்பப் பத்தி வீட்ல பேசிக்கலாம்."

மூச்சு விட்டேன். புல்லைக் கிள்ளிப் போட்டேன். கண்ணைக்கூட மூடினேன். அந்தப் பையன்கள் எதற்காக இதெல்லாம் செய்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது. அவர்களுக்கும் வீட்டில் ஏதோ பிரச்சினை. அவள் சொன்ன இடத்தில் போட்டேன். அடுத்ததை அவள் காட்டிய இடத்தில் போட்டேன். மூன்று குழியையும் ஒரு தப்பில்லாமல் முடித்தேன். கடைசியில் பந்து உள்ளே விழுந்ததும் கம்போன் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவைக் கும்பிட்டுப் போனான்.

பிறகு காத்திருப்பது. எனக்குப் பின்னால் இன்னும் பல பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகை முன்னால் நடந்தேன். உணவுக் கூடத்துக்குப் போனேன், வந்தேன். பெயர் மேலே போகும், கீழே வரும். சுமாலி நிழலில் உட்கார்ந்து ஒட்டரிசியும் சுட்ட கோழியும் சாப்பிட்டாள். எதிரில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். எனக்குக் கார்டு கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்தது.

கடைசி ஆள் வந்து சேர்ந்தான். பலகை ஒரு தடவை அணைந்து எரிந்தது. அறுபது. என் பெயர்.

அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். கால் அரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஏதோ முனகினேன். என்னை ஜெயிக்க வைக்க அதிகாலையில் ஹுவா ஹின்னிலிருந்து வேன் பிடித்து வந்தாயே என்றேன்.

"உங்கள ஜெயிக்க வைக்கவா?" கோழி எலும்பைக் கீழே வைத்தாள். "கார்டு போச்சுன்னா வருஷம் பூரா வீட்ல இருப்பீங்க. அத யாரு தாங்கறது? பை தூக்கினா நீங்க முன்னாடி நடந்து போயிருவீங்க. வீட்ல எதிர்ல உக்காருவீங்க."

அந்த நீல நாற்காலி அவளையும் தூங்கவிடவில்லை. எனக்கு அது இத்தனை நாள் தெரியாது. சரி, போகட்டும். பெரிய மட்டையைத் திருடியதற்காவது உன்னைக் கும்பிட வேண்டும் என்றேன். நிஜமாகவே கையைத் தூக்கிவிட்டேன்.

"நான் திருடலையே" என்றாள். "காலைல பையப் பாத்தேன். அது இல்ல. கடைசி நாளாவது புத்தி வந்து நீங்களே வச்சுட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன். முதல் குழியில நீங்க தேடினப்பதான் தெரிஞ்சுது, அது உங்க வேல இல்லன்னு."

பின்னே அவளை யார் வரச் சொன்னது என்று கேட்டேன். முந்தின நாள் மாலை கேடிகள் கொட்டகையிலிருந்து ஒரு போன் வந்ததாம். அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இனி நான் பை தூக்க மாட்டேன், என் சட்டையைத் தரேன், நீங்களே வந்துருங்க என்று.

நான் கேடிகள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒரு புளியமரம். கீழே சாக்கு விரித்திருந்தது. ஒருத்தி முகத்தில் துணி இல்லாமல், என் பெரிய மட்டையைத் தலைக்கு மேல் நீட்டிக் காய்ந்த புளியை உலுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கொத்து. எல்லாம் நேராகச் சாக்கில் விழுந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். உலுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"இது பையில இருந்தா நாலாம் நாளும் யாராச்சும் பாம்புகிட்ட பந்து கேக்கணும், பெரியவரே. சும்மா எடுத்தா வேற ஒண்ணு வாங்கிச் சொருகுவீங்க. அதான் வாடகைக் கட்டைய வச்சு எண்ணிக்கைய நிரப்பிட்டேன்."

பெயரைச் சொன்னதைத் தவிர, நான்கு நாளில் அவள் என்னிடம் பேசியது மொத்தமே அதுதான். என் கார்டைக் காப்பாற்றியது நான் இல்லை. சுமாலியும் இல்லை. எந்த அபிப்பிராயமும் இல்லை என்று நான் பார்த்துப் பொறுக்கி எடுத்த சம்பி.