தொட்டில் டிரைவரும் என் சந்தனச் சட்டையும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, நடந்து போகிறவனைவிட மெதுவாகப் போய்ச் சேர்ந்த வாடகைக் கார் உலகத்திலேயே ஒன்றுதான். அதை ஓட்டியவரை எங்கள் தெரு டாக்ஸி ஸ்டாண்டில் ‘தொட்டில்’ என்று கேட்டால்தான் தெரியும். இயற்பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

காரின் பின்சீட்டில் நிரந்தரமாக ஒரு குழந்தை இருக்கை; தெரு அதற்கு வைத்த பெயர்தான் ‘தொட்டில்’, அதுவே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டுக்குத் திரும்பிய ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. பிள்ளையை அதில் உட்கார வைத்து, வாரை மாட்டி, தோள்பக்கம் இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். வார் மடிந்து விரலில் சிக்கினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்; இறுக்காமல் வண்டி கிளம்பாது.

“பட்டுப்பாவாடைய ஒதுக்கி விடுங்க தாயி. வாரு பிள்ள ஒடம்புல படணும், பட்டுல இல்ல.”

“நாங்கல்லாம் மடியில உக்காந்துதான் போனோம், கெட்டா போயிட்டோம்?” என்பாள் கூட வரும் பாட்டி.

“நீங்க போனது மாட்டுவண்டி. மாடு சடன் பிரேக் போடாதுல்ல!”

ஆனால் வெறும் சட்டாம்பிள்ளை அல்ல. வெயிலில் கொக்கி சுடும் என்று அதன்மேல் ஈரத்துண்டு போட்டு வைப்பார். பிள்ளை அழுதால் நிழல் பார்த்து நிறுத்தி, “பசியாத்திட்டுப் பொறவு கூப்பிடுங்க” என்று தள்ளிப் போய் நின்றுகொள்வார். எத்தனை தடவை வேண்டுமானாலும் பிள்ளையை இறக்கலாம். ஓடுகிற வண்டியில் மட்டும் இறக்கக்கூடாது. அதுதான் அவர் சட்டம்.

இதற்குப் பின்னால் பெரிய சோகக்கதை இருக்கும் என்று தெருவே நம்பியது. நான் நேராகவே கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல சார். அதுல உக்காத்திட்டா நான் திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாம். கழுத்து வலி.”

நான் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன். “பெத்தவங்க கையைவிட வாரு பெருசாப்பா?” என்று ஒருநாள் சீண்டினேன். மறுநாள் என்னைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், முன்சீட்டில் பெல்ட் போட்டு, மடியில் ஒரு பூசணிக்காயை வைத்தார்.

“இதான் உங்க பேரன். எம்புட்டு இறுக்க முடியுமோ இறுக்கிப் பிடிங்க.”

பத்து வினாடி ஓட்டிப் பிரேக் அடித்தார். பேரன் டேஷ்போர்டில் மோதி இரண்டாகப் பிளந்தான். எங்கள் வீட்டில் மூன்று நாள் பூசணிக்காய் சாம்பார்.

ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஒரு வயதுப் பேரனுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் முடி இறக்கினோம். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். திரும்பும்போது என் மகள் முன்சீட்டில் அசந்து தூங்கிவிட்டாள். பின்னால் நானும், தொட்டிலில் பேரனும். அவன் தலையை ஆட்ட ஆட்டச் சந்தனம் சீட்டில் ஒட்டித் திட்டுத்திட்டாகப் போயிற்று. வீட்டில் சொந்தக்காரர்கள் போட்டோ எடுக்கக் காத்திருந்தார்கள். சந்தனம் கலைந்த மொட்டையோடு எப்படி இறக்குவது?

கொக்கியைக் கழற்றினேன். ‘டிக்’ சத்தம் கேட்காமல் இருக்கப் பலமாக இருமினேன்.

“தண்ணி வேணுமா சார்?” என்றார் தொட்டில், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வேண்டாம், வேண்டாம்.”

பேரன் என் மடிக்கு வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குறுக்கே ஓர் ஆடு. பிரேக். என் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. முன்சீட்டு விளிம்பில் இடித்துப் பேரனின் நெற்றி கிழிந்தது. மூன்று தையல்.

அலறி விழித்த மகளிடம், “வாரு கழண்டுக்கிச்சும்மா” என்றேன்.

தொட்டில் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளிடம், “நான் சரியாக் கிள்ளிப் பாக்கலை தாயி” என்றார்.

தெருவில் பேச்சு பரவியது. “தொட்டில்ல போட்டும் தையலாம்ல” என்று சிரித்தார்கள். பிள்ளைகள் மறுபடி மடிக்குப் போயின. அந்த இருக்கையில் பல மாதம் அவருடைய ஈரத்துண்டு மட்டுமே பயணம் செய்தது. காரணம் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம்தான் மகளிடம் உண்மையைச் சொன்னேன். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

“அன்னைக்கே தெரியும்ப்பா. உங்க சட்டை முழுக்கச் சந்தனம். நான் கேக்க வந்தேன். அந்த அண்ணாச்சிதான், ‘வேண்டாம் தாயி, சாரு தாங்க மாட்டாரு’ன்னு தடுத்துட்டாரு.”

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போனேன். தெருக்காரர்கள் நாலு பேர் முன்னால் நடந்ததைச் சொன்னேன். தொட்டிலுக்குத்தான் வெட்கமாகிவிட்டது. “போட்டோவுல சந்தனம் நல்லா விழுந்துச்சா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கதவைத் திறந்து, என்னை உட்கார வைத்து, என் பெல்ட்டை மாட்டி, தோள்பக்கம் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

இப்போதெல்லாம் அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் அவர் காரைத்தான் கூப்பிடுகிறேன், அந்த ஒரு கிள்ளலுக்காக.